பதினைந்து நொடிப் பச்சை விளக்கு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அந்தக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். போன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்து நான் சொல்லும் ஒவ்வொரு வார்த்தைக்கும் காது கொடுத்துக்கொண்டிருப்பார், நடுநடுவே அதெல்லாம் ஒன்றுமில்லை என்று வேறு சொல்வார். இப்போது அவர் வீட்டில் இல்லை. எங்கே போயிருக்கிறார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன், கதைப் புத்தகத்தில் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டும் உன் பழக்கத்தை இந்த ஒரு தடவை மூட்டை கட்டி வைத்துவிட்டு வரிசையாகப் படி.

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஞாயிற்றுக்கிழமை தோறும் அப்பா உன்னிடம், தினமும் காலையில் ரோட்டைத் தாண்டிப் பெயிண்ட் கடைக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன் என்று சொல்கிறாரே, அது பொய். ஏழு மாதமாக அவர் ரோட்டைத் தாண்டவே இல்லை. ஏணியிலிருந்து விழுந்து இடுப்பில் ஆபரேஷன் நடந்தபோது நீ வந்திருந்தாய், கைத்தடியோடு வீட்டுக்குள் நடக்க ஆரம்பித்ததைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினாய். அதற்கு அடுத்த மாதம் ஒருநாள் நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு பெயிண்ட் கடைக்குப் புறப்பட்டார். சிக்னலில் நடந்து கடப்பவர்களுக்கான பச்சை மனிதன் எரிந்ததும் இறங்கினார், பாதி ரோட்டில் சிவப்பு விழுந்துவிட்டது. இரண்டு பக்கமும் வண்டிகள், எல்லோரும் ஹாரனில் கை வைத்தார்கள், ஒருவன் கண்ணாடியை இறக்கி என்னவோ கத்தினான். நான் மாடி ஜன்னலில் தையல் மெஷின் முன்னால் எழுந்து நின்றது நின்றபடி இருக்கிறேன். நம் வீட்டுக்குக் கீழே இருக்கும் பேக்கரிக்காரர்தான் மாவுக் கையோடு ஓடிப்போய் வண்டிகளை மறித்து அவரைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தார். மாடி ஏறி வந்தவர் செருப்பைக் கழற்றி மூலையில் வைத்தார், ‘அந்தப் பக்கம் எனக்கென்ன வேல’ என்று ஒரே வார்த்தை சொன்னார். அன்றைக்கு வைத்த செருப்பு ஏழு மாதம் அந்த மூலையை விட்டு நகரவில்லை.

அந்தப் பக்கம் அவருக்கு என்ன வேலை என்று உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். முப்பது வருஷமாகப் பெயிண்ட் கடைக்காரரும் அவரும் காலையில் ஒரு டீயைப் பாதிப் பாதியாகக் குடித்தவர்கள். கடைக்கு வருகிறவர்களிடம் உங்கள் வீட்டு ஜன்னல் எந்தத் திசை, வெயில் எப்போது விழும் என்று கேட்டுவிட்டு, நீங்கள் கேட்கிற கலர் வேண்டாம் இதை அடியுங்கள் என்று சொல்வதுதான் அவருக்கு உயிர். பெயிண்ட் அடிக்கிற வேலையை விட்ட பிறகும் அதை விடவில்லை. இந்த ஏழு மாதமும் அதே மனிதர் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எதிர்க்கடையில் யார் எந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து, போச்சு, அந்த அம்மா ஹாலுக்குப் போய்ப் பச்சையை வாங்கிக்கொண்டு போகிறாள் என்று தலையில் அடித்துக்கொள்வார். உன்னிடம் பொய் சொல்லும்போது அவர் முகம் அப்படித் தெளிந்திருக்கும், அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. நானும் கூடச் சேர்ந்து தலையாட்டினேன். அது என் தப்புதான்.

எனக்கு ஒரு விஷயம் மண்டையில் ஏறிவிட்டால் இறங்காது என்று உனக்குத் தெரியுமே. அந்தப் பச்சை மனிதன் எவ்வளவு நேரம்தான் எரிகிறான் என்று பார்க்க வேண்டும் என்று தோன்றியது. கடிகாரத்தை மெஷின் மேல் வைத்துக்கொண்டு மூன்று நாள் எண்ணினேன். காலையானாலும் மத்தியானமானாலும் பதினைந்து நொடி, ஒரு நொடி கூடவும் இல்லை குறையவும் இல்லை. பிறகு யார் யார் எப்படிக் கடக்கிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்தேன், அதில் அப்படி ஒரு சுவாரசியம், இரண்டு பேன்ட்டுக்குக் கால் வெட்டித் தரவேண்டியதை மறந்தே போனேன். பிள்ளை வண்டி தள்ளுகிறவள் கடைசி நாலு அடிக்கு ஓடுகிறாள். பேக்கரிக்காரர் ரொட்டித் தட்டோடு போகும்போது ஆரம்பத்திலிருந்தே ஓட்டம்தான். ஒரு வயதான அம்மா மூன்று பச்சையை விட்டுவிட்டு, வாட்டசாட்டமான ஆள் யாராவது வந்து நிற்கிறார்களா என்று பார்த்து அவர் பின்னால் ஒட்டிக்கொண்டு போகிறாள். நம் மேல்மாடியில் இருக்கும் கணக்கு டீச்சரிடம் இதைச் சொன்னேன், அவர் சும்மா பார்த்தால் போதாது கோடு போட்டுக் குறியுங்கள் என்றார், குறித்தேன். ஒரு மணி நேரத்தில் நாற்பத்தொரு பேர், அதில் ஒன்பது பேர் சிவப்பு விழுந்த பிறகும் ரோட்டில்தான் இருந்தார்கள்.

மருந்துக்கடைக்காரரிடம் அப்பாவின் மாத்திரை வாங்கப் போனபோது அவர் கடைக் கண்ணாடியில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. நகராட்சிக் கூட்டம், குடியிருப்போர் தங்கள் பகுதிக் குறைகளை நேரில் சொல்லலாம், ஆளுக்கு மூன்று நிமிடம். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருக்கிறோம், அந்தக் கட்டடத்துக்குள் என்ன நடக்கிறது என்று நான் ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை. மருந்துக்கடைக்காரர் வருகிறேன் என்றார், டீச்சர் வருகிறேன் என்றார், பேக்கரிக்காரரைக் கேட்கவே வேண்டியதில்லை. என் தையல் அறையில் உட்கார்ந்து பேச்சை எழுதினோம். எழுதி முடித்துப் படித்தால் பதினோரு நிமிஷம் வருகிறது. ஆளுக்கு மூன்று நிமிஷம் தானே, நாலு பேர் இருக்கிறோமே என்று நான்தான் யோசனை சொன்னேன், துணியை வெட்டுகிற மாதிரி பேச்சை நாலு துண்டாக வெட்டினேன். நாங்கள் யார், எந்த ரோடு என்று மருந்துக்கடைக்காரர் ஆரம்பிப்பார். நொடியும் எண்ணிக்கையும் டீச்சர் சொல்வார். கண்ணால் பார்த்ததைப் பேக்கரிக்காரர் சொல்வார். கடைசியில் எங்களுக்கு இன்னது வேண்டும் என்று நான் முடிப்பேன். நாலு நாள் ஒத்திகை பார்த்தோம். பேக்கரிக்காரர் ஒவ்வொரு தடவையும் ஒரு கை காட்டுவார், மாவு தட்டுகிற மாதிரியே இருக்கும், டீச்சர் அந்தக் கையைப் பையில் விடச் சொன்னார்.

அப்பா இது எதிலும் கலந்துகொள்ளவில்லை. ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஆனால் ஒன்று நடந்தது. ஒருநாள் பெயிண்ட் கடைக்காரர் இவரைப் பார்க்க வந்துவிட்டுப் போகும்போது என் அளவு நாடாவை இரவல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் விடிந்ததும் பார்க்கிறேன், ரோட்டில் வண்டி இல்லாத நேரத்தில் அவரும் பேக்கரிக்காரரும் குனிந்து அந்த நாடாவை வைத்து வைத்து எதையோ அளக்கிறார்கள். எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. அப்பாவைக் கேட்டேன், சும்மா என்றார். பேக்கரிக்காரரைக் கேட்டேன், அவரும் சும்மா என்றார். நாடா திரும்பி வந்தபோது அதில் தார்க் கறை, இன்னும் போகவில்லை. கூட்டத்துக்கு முதல் நாள் அப்பா தானாகவே, நானும் வருகிறேன், ஆனால் கடைசி வரிசையில்தான் உட்காருவேன் என்றார். கைத்தடியோடு முன்னால் உட்காரக் கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன், சரி, எல்லோரும் அவரோடு அங்கேயே உட்காரலாம் என்று விட்டுவிட்டேன். கூட்டத்தன்றும் மூலையிலிருந்த செருப்பைத் தொடவில்லை, பழைய ஷூவைப் போட்டுக்கொண்டு பேக்கரிக்காரர் வண்டியில்தான் வந்தார்.

நீ அந்த ஹாலைப் பார்க்க வேண்டும். உயரமான கூரை, நடுவில் நீளமான வழி, இரண்டு பக்கமும் நாற்காலி வரிசைகள், முன்னால் மேடையில் பதினோரு கவுன்சிலர்கள், ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தண்ணீர்க் குவளை. மூன்று மணி நேரத்தில் அதில் ஒருவர்கூட ஒரு வாய் குடிக்கவில்லை, பின்னே யாருக்காக அதை நிரப்பி வைக்கிறார்களோ தெரியவில்லை. தலைவரம்மா நல்ல துணியில் கோட்டு போட்டிருந்தார், கை மட்டும் ஒரு அங்குலம் நீளம், எழுதும்போதெல்லாம் மேலே இழுத்துவிட்டுக்கொண்டார், என்னிடம் கொடுத்தால் அரை மணியில் சரி செய்துவிடுவேன். மேடைக்கு மேலே சுவரில் ஒரு பெரிய கடிகாரம், சிவப்பு எழுத்தில் மூன்று நிமிடத்திலிருந்து கீழே இறங்கும். அதில் ஒரு விசேஷம், நாம் பேச ஆரம்பிக்கும்போது அது ஓடாது, கிளார்க் நம் பெயரைக் கூப்பிட்டதுமே ஓட ஆரம்பித்துவிடும். நாம் எழுந்து மைக்குக்குப் போகிற நேரமும் நம் நேரம்தான். இது என்ன நியாயம் என்று கிளார்க்கைக் கேட்டேன், அவர் எல்லோருக்கும் ஒரே மாதிரி அம்மா என்று கும்பிடாத குறையாகச் சொன்னார். அதற்குள் அவரை நான் ஏழெட்டுக் கேள்வி கேட்டிருந்தேன்.

பேசுகிறவர்கள் ஒரு படிவம் நிரப்பித் தரவேண்டும். நான் நாலு பேருடைய படிவத்தையும் வாங்கி, தைக்கப் போகிற துண்டுகளை அடுக்குகிற மாதிரி, முதலில் பேசுகிறவருடையது மேலே, கடைசியில் நான் அடியில் என்று ஒழுங்காக அடுக்கிக் கொடுத்தேன். இத்தனை வருஷத்தில் ஒரு சட்டையிலும் எனக்குத் துண்டு மாறியதில்லை. அந்தக் கிளார்க் என்ன செய்தார் தெரியுமா, மேலே இருந்து ஒவ்வொன்றாக எடுத்து முத்திரை குத்தி, பக்கத்தில் ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டே போனார். மேலே இருந்தது அடிக்குப் போயிற்று, அடியில் இருந்த நான் மேலே வந்துவிட்டேன். இதை நான் கவனிக்கவே இல்லை. கூட்டம் ஆரம்பித்தது. ஒரு அம்மா தன் ஜன்னலில் இடிக்கிற மரக்கிளையைக் கையோடு ஒடித்துக் கொண்டுவந்திருந்தார், ஒருவர் நூலகத்தின் கழிப்பறையை ஏன் பூட்டி வைக்கிறீர்கள் என்று மூன்று நிமிஷமும் அதையே கேட்டார், எனக்கு எல்லாமே புதிதாக இருந்தது, வாயைப் பிளந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

போய் நின்றேன். கடிகாரம் இறங்குகிறது. நாலு நாள் மனப்பாடம் செய்தது வாயில் தானாக வந்துவிட்டது, ‘ஆகவே இவர்கள் மூவரும் இதுவரை விளக்கிச் சொன்ன காரணங்களால்’ என்று ஆரம்பித்தேன். தலைவரம்மா எந்த மூவர் என்று கேட்டார். நான் திரும்பிப் பார்க்கிறேன், மருந்துக்கடைக்காரர் திருதிருவென்று விழிக்கிறார். எதை நீட்டிக்க வேண்டும், எந்த ரோடு என்பதெல்லாம் அவர் துண்டில் அல்லவா இருக்கிறது, என் துண்டில் தயவு செய்து நீட்டித்துத் தாருங்கள் என்பதுதான் இருந்தது. நாலு தடவை தயவு செய்து சொல்லிவிட்டு அசடு வழிய வந்து உட்கார்ந்தேன். அடுத்தது பேக்கரிக்காரர், ‘டீச்சர் சொன்ன கணக்கு உங்களுக்கே தெரியும்’ என்று தொடங்கினார், ஒருவருக்கும் தெரியவில்லை, பயத்தில் கை மட்டும் பையிலிருந்து வெளியே வந்து மாவு தட்டியது. பிறகு டீச்சர். எல்லாம் முடிந்த பிறகு மருந்துக்கடைக்காரர் போய் ‘முதலில் நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன்’ என்றதும் ஹாலே சிரித்துவிட்டது. ஒரு கவுன்சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு நாற்காலிக்கு அடியில் போய்விடலாமா என்று இருந்தது.

இருந்தாலும் டீச்சர் சொன்ன எண்களால் விஷயம் என்னவென்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது. நகராட்சி இன்ஜினீயர் எழுந்தார். பொல்லாதவர் இல்லை, பொறுமையாகத்தான் பேசினார். ரோட்டின் அகலத்தையும் ஒருவர் சாதாரணமாக நடக்கிற வேகத்தையும் வைத்துத்தான் பதினைந்து நொடி போட்டிருக்கிறோம், விதிப்படி சரிதான், அதை நீட்டினால் வண்டிகள் பாலம் வரை நிற்கும் என்றார். நடுவிலேயே சிவப்பு விழுந்துவிடுகிறதே என்று பேக்கரிக்காரர் இருந்த இடத்திலிருந்தே கேட்டதற்கு, தயங்காமல் நடந்தால் விழாது என்றார். தலைவரம்மாவும் தலையாட்டிவிட்டு அடுத்த தாளைப் புரட்டினார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். அப்போது கிளார்க் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அது உன் அப்பாவின் பெயர்.

நான் இவர் பக்கம் திரும்புவதற்குள் கைத்தடியை ஊன்றி எழுந்துவிட்டார். நாங்கள் வந்ததும் பாத்ரூம் போகிறேன் என்று போனவர், எங்களுக்கு முன்னாலேயே படிவத்தைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார், அதனால் அது படிவக் கட்டுக்கு அடியில் இருந்திருக்கிறது. பிடித்துக்கொள்ளப் போனேன், வேண்டாம் என்று கையைக் காட்டினார். நடந்தார். தடி, இடது கால், வலது கால், தடி. கடிகாரம் ஓடுகிறது. முதலில் யாரும் கவனிக்கவில்லை, பேசிக்கொண்டிருந்தார்கள், காகிதத்தைப் புரட்டினார்கள். பிறகு ஒவ்வொரு வரிசையாகப் பேச்சு நின்றது. பாதி வழியில் நடு வரிசைக்குப் பக்கத்தில் நின்று தலையைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்த்தார், நானும் பார்த்தேன், இரண்டு நிமிடம் நாற்பத்தைந்து நொடி. அப்போதுதான் எனக்குச் சுரீர் என்றது. இன்ஜினீயருக்கும் அப்போதுதான் பட்டிருக்க வேண்டும், பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தடி தரையில் படுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. மைக்கில் கை வைக்கும்போது இரண்டு நிமிடம் இருபத்தெட்டு நொடி.

அவர் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் எழுதுகிறேன். ‘நான் பெயிண்டர். இந்த ஹாலுக்கு ரெண்டு தடவ பெயிண்ட் அடிச்சிருக்கேன். கடைசி வரிசையிலேந்து இந்த மைக் வரைக்கும் அம்பது அடி. எங்க ரோடும் அம்பது அடிதான், அளந்து பாத்தாச்சு. நான் எங்கயும் தயங்கல, பாதியில ஒரு தடவ கடிகாரத்தப் பாத்தேன், அவ்வளவுதான். நான் பாத்த இடத்துலதான் ரோட்டுல எனக்கு சிவப்பு விழுந்துச்சு.’ பிறகு கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். ‘எனக்கு இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு. அது எனக்கு வேண்டாம். அதுல கொஞ்சம் அந்த சிக்னலுக்குக் குடுங்க.’ இவ்வளவுதான் சொன்னார். நடந்ததை எல்லோருக்கும் காட்டியாயிற்றே, திரும்பி வருவதற்கு அவர் யாரையாவது பிடித்துக்கொள்வார் என்று பார்த்தேன். தனியாகத்தான் வந்தார். யார் பார்த்தாலும் தடியைப் பின்னால் மறைக்கிற மனிதர், அத்தனை பேர் முன்னால் தன் நடையைக் காட்டிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தபோது அவர் சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது. எனக்கு அழுகை வந்தது, அதோடு கோபமும் வந்தது, என்னிடம்கூடச் சொல்லவில்லையே என்று. சொல்லியிருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன், அது அவருக்குத் தெரியும்.

அன்றைக்கே ஒன்றும் முடிவு செய்யவில்லை. தலைவரம்மா இன்ஜினீயரிடம் நேரில் போய்ப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். சொன்னால் வருவாரா என்று நான் சந்தேகப்பட்டேன், மூன்றாம் நாள் காலையில் வந்துவிட்டார். ஒரு நோட்டுப் புத்தகத்தோடு பேக்கரி வாசலில் ஒரு மணி நேரம் நின்றார். பிறகு மாடி ஏறி வந்து, என் ஜன்னலில் நின்று பார்க்கலாமா என்று கேட்டார், நான் கோடு போட்ட தாளையும் வாங்கிப் பார்த்தார். நான் கேட்காமல் விடுவேனா, கம்பத்தில் இருக்கும் அந்தப் பொத்தானை அழுத்தினால் உண்மையிலேயே ஏதாவது நடக்கிறதா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, பகலில் இல்லை அம்மா என்று மெதுவாகச் சொன்னார். இத்தனை நாள் எத்தனை விரல் அதை அழுத்தியிருக்கும், நினைத்தாலே சிரிப்பு வருகிறது. போகும்போது, மூன்று மாதம் சோதனையாக முப்பது நொடி வைத்துப் பார்க்கிறோம், அதற்கு மேல் என்னால் முடியாது என்று அப்பாவிடம் சொன்னார்.

முப்பது நொடி, அப்பாவுக்கு வேண்டியது முப்பத்திரண்டு. நான் இன்ஜினீயரிடம் இன்னும் இரண்டு கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன், அப்பா என் கையை அழுத்திவிட்டார். அவர் போன பிறகு, அவர் தன் பங்கைக் கொடுத்துவிட்டார், அந்த இரண்டு நொடி என் பாடு என்றார். அன்றிலிருந்து நம் வீட்டு வராந்தாவில் காலையும் மாலையும் நடை. வராந்தா இருபத்தைந்து அடி, போய் வந்தால் ஐம்பது. நான் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். நாலு நாள் முப்பத்திரண்டிலேயே நின்றது, ஐந்தாம் நாள் முப்பத்தொன்று, டீச்சருக்குச் சொல்ல மேல்மாடிக்கு ஆள் அனுப்பச் சொன்னார். திரும்புகிற இடத்தில்தான் நேரம் போகிறது, ரோட்டில் திரும்ப வேண்டியதில்லையே என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். அதைக் கேட்டதும் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ.

இன்று காலையில் விளக்கை மாற்றிவிட்டார்கள். ஒன்பதரை மணிக்கு மூலையிலிருந்த செருப்பை எடுத்துத் தூசி தட்டிப் போட்டுக்கொண்டார். நானும் வருகிறேன் என்றேன், நீ ஜன்னலில் நின்று எண்ணு என்றார். நின்று எண்ணினேன். அந்தப் பக்கம் பெயிண்ட் கடைக்காரர் நடைபாதை ஓரத்தில் வந்து நின்றுகொண்டிருந்தார், இந்தப் பக்கம் பேக்கரிக்காரர். இரண்டு பேரும் ரோட்டில் கால் வைக்கவில்லை, வைத்தால் அவருக்குப் பிடிக்காது என்று தெரியும். இருபத்தொன்பது வரை எண்ணியது நினைவிருக்கிறது, அதற்கப்புறம் எண்ண முடியவில்லை, பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த ஓரத்தில் ஏறி நின்றார். ஒரு ஹாரன்கூடக் கேட்கவில்லை. திரும்பி என்னைப் பார்ப்பார் என்று கையைத் தூக்கி வைத்திருந்தேன், பார்க்கவே இல்லை, நேரே கடைக்குள் போய்விட்டார். அங்கே யாரோ ஒருவர் கலர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். இப்போது மணி பன்னிரண்டாகப் போகிறது, இன்னும் வரவில்லை. சாப்பாட்டு நேரமாயிற்றே என்று எனக்குக் கோபம் வரவேண்டும், வரவில்லை. ஏழு மாதத்துக்குப் பிறகு வீட்டில் நான் தனியாக இருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத முடிந்தது.

குட்டிக்கு அனுப்பிய கவுனில் ஓரத்தில் இரண்டு அங்குலம் மடித்து விட்டிருக்கிறேன், குட்டையாகிவிட்டால் புதிது வாங்காதே, பிரித்துவிடு. நீ சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிடுகிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார், பத்து நிமிஷம் உட்கார்ந்து சாப்பிட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது. உங்கள் ஊரில் ரோட்டைக் கடக்க எத்தனை நொடி கொடுக்கிறார்கள் என்று ஒருநாள் எண்ணி எனக்கு எழுது, டீச்சருக்கும் அதைத் தெரிந்துகொள்ள ஆசை. மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், மனம் நிறைந்து நீடூழி வாழ வேண்டும், எங்கள் இருவர் ஆசியும் எப்போதும் உங்களோடு இருக்கும்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை அப்பா போனில், தினமும் ரோட்டைத் தாண்டிப் பெயிண்ட் கடைக்குப் போகிறேன் என்று வழக்கம்போலச் சொல்வார். நீயும் வழக்கம்போலச் சரிப்பா என்று கேட்டுக்கொள். இந்த வாரத்திலிருந்து அது உண்மை.

என்றும் உன் நினைவாக,
உன் அம்மா